இண்டைக்கு உங்கடை பிக் டே

சீலை கட்டிவிடுற தொழிலிலை கைக்குத்தான் வேலை, வாய்க்கு வேலையில்லை எண்டு நம்பித்தான் நான் அதுக்குப் போனனான். இப்பவும் மேசையிலை நாளைக்குக் கட்டப்போற கலியாணச் சீலை கிடக்குது. கொய்யகத்தை மடிப்பு மடிப்பாய் எடுத்து, கிளிப் போட்டு, அயன் பிடிச்சு, அது ஆறுற நேரத்திலை, மனுசன் முற்றத்திலை எங்கடை தவழுற பிள்ளையைப் பாத்துக்கொண்டிருக்க, கொப்பியிலை ரெண்டு வரி எழுதுறன். நாலு பேருக்கு முன்னாலை வாய் திறக்க உங்களுக்கும் வேர்க்குமெண்டால், என்ரை பாடு விளங்கும்.

எட்டாம் வகுப்போடை நிண்ட என்னைப் பருத்தித்துறையிலை பார்லர் வைச்சிருந்த அக்கா வேலைக்கு எடுத்தா. கலியாணப் பொம்பிளைக்குச் சீலை கட்டவேணும், அதுதான் என்ரை ஆசை. அக்கா ஒரு சட்டம் வைச்சிருந்தா. கட்டி முடிய ஆளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, சிரிச்சுக்கொண்டு, “இண்டைக்கு உங்கடை பிக் டே” எண்டு சொல்லவேணும். “அதைச் சொல்லப் பழகு, பொம்பிளை வேலை தாறன். இல்லாட்டி உனக்கு அயன் மேசைதான்” எண்டா.

சாமத்தியப் பிள்ளை

பெரியபிள்ளையாகி, உடுப்பிட்டியிலையிருந்து சாமத்திய வீட்டுக்குச் சோடிக்க வந்த பிள்ளை. அவளுக்கு அது முதல் சீலை. எனக்கு அவளைவிடக் கூச்சம். ரெண்டு தரம் சொன்னது எனக்கே கேக்கேல்லை. மூண்டாந்தரம் அவளுக்குக் கேட்டிட்டுது. கண்ணாடிக்குள்ளாலை என்னைப் பாத்தாள்.

“பிக் டே நாளைக்கு அக்கா. கணக்குச் சோதினை. நான் ஒண்டும் படிக்கேல்லை.”

ரீச்சர்

ஒரு நாள் காலமை வயசான ரீச்சர் ஒராள் நீலச் சீலையோடை வந்து, கட்டிவிடச் சொன்னா. பென்சன் எடுக்கிறா, பள்ளிக்கூடத்திலை பிரியாவிடையாம். நல்ல நாள்தானே எண்டு நினைச்சு, தைரியமாய்ச் சொல்லிப்போட்டன். ரீச்சர் கண்ணாடியிலை கொய்யகத்தைப் பாத்தா. தலைப்பைத் தடவிக்கொண்டு மெதுவாச் சொன்னா:

“முப்பது வருசமா நானே கட்டினது பிள்ளை. இண்டைக்குத்தான் கொய்யகம் என்ரை கைக்குள்ளை நிக்குதில்லை.”

வல்வெட்டித்துறைப் பொம்பிளை

ரீச்சர் போனாப்பிறகு அந்தச் சொல் எனக்கு வாயிலை வரவேயில்லை. அக்கா அயன் மேசைக்கு அனுப்பிப்போட்டா. பிறகொரு முகூர்த்தத்துக்கு ரெண்டு கலியாணம் ஒண்டா வந்திட்டுது. வேறை வழியில்லாமல் என்னை வல்வெட்டித்துறைக்கு அனுப்பினா. “சொல்லாமல் வந்தியெண்டால் இதுதான் உன்ரை கடைசிப் பொம்பிளை.”

மாப்பிளை கனடாவிலையிருந்து வந்து நாலு நாள். அதுக்கு முன்னம் போனிலை கண்டதுதான். வீடு முழுக்கச் சனம், கமரா. வாற போற எல்லாரும் “பிக் டே, பிக் டே” எண்டு பொம்பிளையின்ரை கன்னத்தைக் கிள்ளிப்போட்டுப் போகினம். அவளின்ரை கை ஐஸ்மாதிரி. வயித்தை எக்கிக்கொண்டு மரம்போல நிக்கிறாள். அக்கா சொன்னது என்ரை நாக்கிலை நிண்டது. ஆனா வாயிலை வந்தது வேறை. “தங்கச்சி, மூச்சை விடுங்கோ. எக்கிக்கொண்டு நிண்டால் பிறகு இறுக்கும்.” அவள் பெரிய மூச்சொண்டு விட்டாள். பிறகு அழுதாள், பிறகு சிரிச்சாள். நான் கொய்யகத்தைச் செருகிப்போட்டு, அக்காவின்ரை சொல்லைச் சொல்லாமலே வந்திட்டன்.

அடுத்த நாள் வாடகை நகையைத் திருப்பிக் குடுக்கப் பொம்பிளையின்ரை தாய் வந்தா. அக்கா என்னை முறைச்சுக்கொண்டே, “இவள் ஒழுங்காக் கதைச்சவளோ?” எண்டு கேட்டா. நான் மெதுவா அயன் மேசைப் பக்கம் நகந்தன்.

“பெரிசா ஒண்டும் கதைக்கேல்லை. ஆனா என்ரை பிள்ளை நாலு நாளைக்குப் பிறகு மூச்சு விட்டது இந்தப் பிள்ளைக்கு முன்னாலைதான். எங்கடை சின்னவளுக்கும் இவதான் வரவேணும்.”

அதுக்குப் பிறகு என்ரை கலியாணம்வரைக்கும் பொம்பிளையள் எல்லாம் எனக்குத்தான். அக்கா அந்தச் சொல்லைக் கேக்கவேயில்லை. இப்ப வீட்டிலை தனியத் தொழில் செய்யிறன், அயன் சூட்டிலை பட்டு மணக்கேக்கை அந்தப் பார்லர்க் கண்ணாடி கண்ணுக்குள்ளை வருது. யோசிச்சுப் பாத்தால், கூச்சக்காரரே, எங்களுக்கு வாற பெரிய நாளொண்டும் சொல்லிப்போட்டு வாறேல்லை, அது தன்ரை பாட்டிலை — இவர் முற்றத்திலையிருந்து கத்துறார், பிள்ளை ஒண்டையும் பிடியாமல் எழும்பி நிக்கிறாளாம், பொறுங்கோ, அயனை நிப்பாட்டிப்போட்டு