முதுகைப் பார்த்து ஆள் எடுப்பவர்

என் தம்பிக்கு மைதானத்தில் 'முதுகு மாஸ்டர்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவனுக்குத் தெரியும், உள்ளுக்குள் அதில் பெருமையும் உண்டு. பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் அவன். வேலையில் இருந்த காலத்திலிருந்தே, ஹாக்கி ஆடும் பிள்ளைகளைப் பார்த்து 'இது தேறும், இது தேறாது' என்று சொல்லும் வேலையையும் சம்பளமில்லாமல் செய்துவருகிறான். அதிலும் ஃபார்வர்டுகள் மட்டும்தான், முன்னால் நின்று கோல் போட வேண்டியவர்கள். கோல்கீப்பரைப் பற்றி யாராவது கேட்டால், "அது வேற டிபார்ட்மெண்ட்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டு முன்னறைக்கு வந்தான். வந்த இரண்டாவது மழைக்காலத்தில், மைதானத்துப் படிக்கட்டில் ஏதோ ஒரு பையனின் ஓட்டத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இறங்கி, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டுக்குள் பிடித்து நடக்க நடைச்சட்டம், வெளியே சக்கர நாற்காலி. நான் ஆஸ்பத்திரி வார்டில் ஆயுசில் பாதியைக் கழித்தவள். பிறகு, படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளவும் பயிற்சி எடுத்தவள். எத்தனையோ பேரைத் திருப்பிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டியிருக்கிறேன். இவனைப் போல ஒரு நோயாளி எனக்கு வாய்த்ததில்லை.

வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண் பாக்கி. டாக்டர் தேதி கொடுத்தும் போகமாட்டேன் என்கிறான்.

"ஒரு கண்ணு போதும்க்கா. ரெண்டு கண்ணாலயும் பார்த்தா பந்து மட்டும்தான் தெரியும்."

"அப்ப சோறு ஏன்டா சட்டை மேல விழுது?"

"அது கை நடுக்கம். கண்ணு இல்ல."

இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது?

அவன் ஆள் பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது அதனால்தான். கூட்டத்தோடு உட்கார மாட்டான். ஒரு பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலியோரமாக அவனைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முதல் பாதியில், அவன் கவனிக்கும் பெண்ணோ பையனோ அவனை நோக்கி ஓடிவர வேண்டும். அப்போது முகத்தைப் பார்ப்பான். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும், இவன் இடம் மாற மாட்டான். இரண்டாம் பாதியில் அந்தப் பிள்ளை எதிர்ப்பக்கம் நோக்கி ஓடும், இவனுக்குத் தெரிவது முதுகுதான். பந்து காலடியில் இருக்கும்போது எல்லோரும் நன்றாகத்தான் ஆடுவார்களாம். பந்து இல்லாதபோது முதுகு எந்தப் பக்கம் திரும்புகிறது, அதுதான் அஞ்சு வருடம் கழித்து அந்தப் பிள்ளை என்னவாகும் என்று சொல்லுமாம். இடைவேளையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவான். 'கண்ணைக் கழுவுறேன்' என்று அதற்குப் பெயர். ஆட்டம் முடியும்வரை பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சுவிடலாம், பேசக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை அவன் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு பெண்ணை. ஒன்பதாம் எண் சட்டை. தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி எடுக்கும் விடுதியில் ஃபார்வர்டுக்கு ஒரே இடம் காலி. வேறு வேறு மைதானங்களில் வேறு வேறு ஆட்கள் பார்த்து, சாயங்காலத்துக்குள் தேர்வுக் குழுச் செயலாளருக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை பெயர் அறிவிப்பார்கள். ஒன்பதாம் எண்ணை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, மற்ற யாராவது கண்ணில் பட்டாலும் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்குமுன் அந்தப் பெண்ணின் அம்மா எங்களைத் தேடிக்கொண்டு வேலியோரம் வந்தாள். தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"சார், அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"காலைல அவளை யாரு எழுப்புறது?" என்றான் தம்பி.

"நான்தான் சார்."

"ம்." முகம் சுளித்தான், தானாக எழுந்திருக்கிற பிள்ளைதான் தேறும் என்பது அவன் கணக்கு. "ஷூ சைஸ் கடைசியா எப்ப மாறுச்சு?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். "கால் இன்னும் வளருதான்னு கேக்குறான்மா. சீக்கிரமே வளர்ந்து முடிச்ச பிள்ளைங்க இப்ப உயரத்தை வச்சு ஜெயிச்சிடுமாம், அப்புறம் மத்ததுங்க எட்டிப் பிடிச்சிடுமாம்" என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

"போன மாசம்கூட மாத்தினோம் சார். கட்டுப்படி ஆகல."

"நல்லது" என்றான். யாருக்கு நல்லது என்று கேட்கவில்லை. அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

முதல் பாதி முழுவதும் அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தினாள். "இங்க, இங்க, எனக்குக் குடு, ஏய் இங்க." பந்து கிடைத்தால் நாலு பேருக்கு நடுவில் புகுந்து தானே அடிக்கப் பார்த்தாள். ஒரு கோல் போட்டாள், அதற்கும் ஒரு கத்தல். தம்பி பல்லைக் கடித்தான்.

"மீன் விக்கிறாளா, ஹாக்கி ஆடுறாளா?" என்று முனகினான். அவன் பேசலாம், விதி மற்றவர்களுக்குத்தான்.

முதல் பாதியின் கடைசி நொடியில் எதிரணிப் பெண்ணின் ஸ்டிக் தவறிவந்து ஒன்பதாம் எண்ணின் வாயில் பட்டது. உட்கார்ந்துவிட்டாள். அதே நேரம் இடைவேளை விசிலும் ஊதினார்கள். தம்பி எதையும் பார்க்கவில்லை. விசில் சத்தம் கேட்டதுமே கண்ணை மூடிவிட்டான், கழுவ வேண்டுமே.

மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய அணியின் கோச்சம்மா கையை ஆட்டினாள். நான் ஆஸ்பத்திரிக்காரி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நாற்காலிக்குப் பிரேக் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனேன்.

மேலுதடு உள்பக்கம் கிழிந்திருந்தது. பல் அசையவில்லை, தலை சுற்றவில்லை, என் விரல்களைச் சரியாக எண்ணினாள். தையல் தேவைப்படாத காயம். ஆனால் ரத்தம் சட்டை முழுக்க வழிந்துவிட்டது. ரத்தம் பட்ட சட்டையோடு ஆட விடமாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரிசர்வ் பெண் ஒருத்தி, துண்டுக்குப் பின்னால் நின்று தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். பதினேழாம் எண். கோச்சம்மா போய் அம்பயரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

நான் காஸ் துணியைச் சுருட்டி உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்தேன்.

"கெட்டியா அழுத்திக்கோ. வாயைத் திறந்தேன்னா துணி வெளிய வரும், ரத்தம் மறுபடி கொட்டும், உன்னை வெளிய உக்கார வச்சிடுவாங்க. புரியுதா?"

தலையாட்டினாள்.

"ஒரு வார்த்தை பேசக்கூடாது."

மறுபடியும் ஆட்டினாள். கண்ணில் தண்ணீர், அது வலியால் இல்லை, கத்த முடியாது என்ற கவலையால் என்று நினைக்கிறேன்.

நான் திரும்பி வருவதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. "டேய், அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தேன். தம்பி திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினான், பேசாதே என்று. சரி போ என்று உட்கார்ந்துவிட்டேன். சட்டை மாறியதெல்லாம் அம்பயருக்கே தெரியும், இவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆட்டம் முடிந்ததும் வாடகைக் காரின் பின்பக்கத்தில் நாற்காலியை மடித்து வைக்க டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்தைக் கழற்றலாமா என்று அவர் கேட்க, கழற்றக் கூடாது என்று நான் சொல்ல, கடைசியில் கதவு மூடி உள்ளே ஏறினால், தம்பி போனில் பேசிக்கொண்டிருக்கிறான்.

"ஒன்பது வேண்டாம். வாயாலயே ஆடுது. பாதியிலேயே வெளிய எடுத்துட்டாங்க, கோச்சுக்கே நம்பிக்கை இல்ல. ஆனா ஒரு பதினேழு இருக்கு பாருங்க. ஆமாமா, ரெண்டாம் பாதியிலதான் இறக்கினாங்க. ஒரு சத்தம் இல்ல. பந்து எங்க வரப்போகுதோ அங்க முன்னாடியே போய் நிக்குது. மத்தவங்களுக்கு ரெண்டு கோல் போட வழி பண்ணிக் குடுத்துச்சு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு முதுகை நான் பார்த்ததில்ல. பேரு தெரியாது, பட்டியல்ல பார்த்துக்கோங்க." போனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தான்.

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடியது. பட்டியலில் பதினேழு என்றால் சட்டையைக் கழற்றிக் கொடுத்த பெண். அவள் மைதானத்தில் கால் வைக்கவே இல்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"டேய், ஒன்பதும் பதினேழும் ஒரே பொண்ணுடா."

"உளறாதக்கா."

"நான்தான் வாயில துணி வச்சேன். என் கண் முன்னாடிதான் சட்டையை மாத்தினா."

"இருக்கவே முடியாது. ரெண்டும் வேற வேற முதுகு."

"ஒரே முதுகு, ஒரே பொண்ணு, ஒரே அம்மா. அந்தம்மா உன்னைக் கும்பிட்டுட்டுப் போனாங்களே, அவங்க பொண்ணுதான். நீ வேண்டாம்னு சொன்னதும் அவளை, வேணும்னு சொன்னதும் அவளை. இப்ப இடம் கிடைக்கப்போறது பிஸ்கெட் தின்ன பொண்ணுக்கு."

டிரைவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். "ரோட்டைப் பாருங்கப்பா" என்றேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்ததும் தம்பி கேட்டான்.

"துணி வச்சேன்னியே, பேச முடியாத மாதிரியா?"

"பேசினா வெளிய உக்காரணும்னு மிரட்டினேன்."

"அதான்." முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "கூப்பிட முடியாம போனதும், கூப்பிடாமலே பந்து வர்ற இடத்தைத் தேடிப் போயிருக்கா. அது ஒரு நாள்ல வராதுக்கா. அவளுக்குள்ளயே இருந்திருக்கு, அந்தக் கத்தல்தான் மூடி மறைச்சிருக்கு. பார்த்தியா, முதுகு பொய் சொல்லல."

"முதுகு பொய் சொல்லல. ஆள் யாருன்னும் சொல்லல. போனை எடு."

"நாளைக்குக் காலைல சொல்லிக்கலாம்."

"காலைல பேர் போட்டுடுவாங்கடா. அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் கிடையாது."

அவனுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குழுவில் இளைய ஆட்கள் வந்துவிட்டார்கள். வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஆள் எடுக்கலாம் என்கிறார்கள். முதுகு மாஸ்டர் முதுகையே மாற்றிப் பார்த்தான் என்று தெரிந்தால், அடுத்த பருவத்துக்கு அவனைக் கூப்பிட மாட்டார்கள். அவனுக்கு வேறு வேலையும் கிடையாது, எனக்கு அவனைப் பகல் முழுக்க முன்னறையில் வைத்துச் சமாளிக்கும் தெம்பும் கிடையாது. ஆனாலும் போனை அவன் மடியில் போட்டேன்.

செயலாளரின் எண்ணைத் தேடி எடுத்தான். பிறகு அழைத்தான். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். இல்லாவிட்டால் பாதியை விழுங்கிவிடுவான்.

"சார், நான் சொன்ன பதினேழு ரிசர்வ் பொண்ணு இல்ல. ஒன்பதுதான். ரத்தம் பட்டதால சட்டையை மாத்திக்கிட்டு வந்திருக்கா. எனக்கு அடையாளம் தெரியல."

அந்தப் பக்கம் செயலாளர் சிரித்தார். "மாஸ்டர், உங்களுக்கே முதுகு தெரியலையா?"

"தெரியல. தூரம். ஒரு கண்ணுல புரை."

இத்தனை மாதம் என்னிடம் ஒத்துக்கொள்ளாததை அந்த ஆளிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னான்.

"அப்ப எதை எடுத்துக்கறது? வேண்டாம்னு சொன்னதையா, வேணும்னு சொன்னதையா?"

"ரெண்டும் உண்மை சார். முதல் பாதி மாதிரியே இருந்தா ரெண்டு வருஷத்துல மறந்துடுவாங்க. ரெண்டாம் பாதியை யாராவது வெளிய கொண்டுவந்தா பெரிய ஆளா வருவா. அதுக்குத்தானே விடுதி இருக்கு. கத்தறதைக் குறைக்கலாம். பந்து வர்ற இடத்துக்கு முன்னாடியே போறதை யாருக்கும் கத்துக்குடுக்க முடியாது."

"காலைல குழு முன்னாடி வந்து இதைச் சொல்லுவீங்களா? தப்பா பார்த்ததையும் சேர்த்து?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அலமாரியில் அவனுடைய சலவைச் சட்டையைத் தேட ஆரம்பித்தேன்.

காலையில் அவனுக்குச் சவரம் செய்து, தலை வாரி, தள்ளிக்கொண்டு போனேன். இளைய ஆட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒருவன் மட்டும் வெளிப்படையாகச் சிரித்தான், தம்பி காது கேளாதவன்போல இருந்தான். கோச்சம்மாவும் சட்டை மாறியதைச் சொன்னாள். வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்பதாம் எண்ணின் பெயரை ஒட்டினார்கள். அந்த அம்மாள் தையல் கூடத்திலிருந்து ஓடிவந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருந்தது. பெண் உதடு வீங்கிப்போய், சிரிக்கவும் முடியாமல் நின்றாள். அவளுடைய உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன்.

"அடுத்த பருவத்துக்கு யோசிச்சுச் சொல்றோம் மாஸ்டர்" என்றார் செயலாளர், தம்பியின் தோளில் தட்டிக்கொடுத்து.

திரும்பி வந்துகொண்டிருந்தோம். கண் ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான்.

"இங்க தேதி கேட்டுட்டு வா. டிவி சரியாத் தெரியல."

"டிவிக்கா?"

"டிவிக்குத்தான்." பிறகு, "அவங்க கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் நான் மைதானத்துக்குப் போவேன். இனிமே யாராவது சட்டையை மாத்தினா என் தோளைத் தட்டு."

"சொல்லிடட்டுமா, தட்டணுமா?"

"தட்டினா போதும். ஆட்டம் நடக்கும்போது பேசக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது."

நாற்காலிக்குப் பிரேக் போட்டுவிட்டுத் தேதி வாங்க உள்ளே போனேன்.