புளிக்கூடைக்குள் ஒரு பாட்டில்

ஈரத்தோல் வாசனை...

பரிசலுக்கு அடியில் கட்டிய மாட்டுத்தோல் நனைந்தால் ஒரு வாசனை வருமே, அது. ஒகேனக்கல்லில் அந்த வாசனைக்கு நடுவே, மடியில் ஒரு புளிக்கூடையோடு, தெரிந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே ஆற்றைக் கடந்தவன் நான். நீச்சல் தெரியாது. கூடையில் புளி மட்டும் இல்லை.

சமாச்சாரம் இதுதான். எங்கள் ஜில்லாவில்தான் முதன்முதலில் கள்ளுக்கடை, சாராயக்கடைகளை மூடினார்கள். அக்கரை வேறு ஜில்லா. அங்கே கடை ஜாம்ஜாமென்று திறந்திருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதுங்க. வாய்ப்பேச்சு ஒன்றுதான் என் போதை. பாட்டில், பச்சமுத்துவுக்கு.

பச்சமுத்து பென்னாகரத்தில் கிளாரினெட் வாசிப்பவன். அப்போது வயசு இருபத்தாறு. அவன் ஊத ஆரம்பித்தால், பந்தியில் சாம்பாருக்குக் காத்திருப்பவன்கூட ரசம் வந்ததைக் கவனிக்க மாட்டான்.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் ஒரு முறை உண்டு. 'வாய் நனைக்கிறது' என்போம். வாத்தியக்காரர் வாத்தியத்தைக் கையில் எடுக்குமுன் பெண்ணின் தாய்மாமன் அவருக்கு ஒரு தம்ளர் குடிக்கக் கொடுக்கணும். தம்ளரில் என்ன இருக்கும் என்று ஊருக்கே தெரியும். சட்டம் வந்தபிறகு அதில் புளியும் வெல்லமும் கரைத்த பானகம் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து என் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கிற குமாஸ்தாதான்... பவுசுக்குக் குறைச்சலா? "எங்க அக்கா மக கல்யாணத்துல பானகமா!" என்று காரிமங்கலம் சந்தை வரைக்கும் பீற்றிக்கொண்டேன். பீற்றிக்கொண்டால் போதுமா? பரிசல் ஏறியாச்சு.

திரும்பும்போது இக்கரையில் ஒரு போலீஸ்காரர். கூடைக்குள் விரலை விட்டார். ஒரு சுளையைக் கிள்ளி வாயில் போட்டு, "பழைய புளியா?" என்றார்.

"போன வருசத்துதுங்க."

விரல் இன்னும் ரெண்டு அங்குலம் இறங்கியிருந்தால் நான் முகூர்த்தத்தை ஜெயிலில் இருந்துதான் கொண்டாடியிருப்பேன். இறங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணத்தன்று காலையில் தம்ளரோடு பந்தலுக்கு வந்தேன். பச்சமுத்து மனைவி நஞ்சம்மா வாசத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணா, அவரு எட்டு மாசமா தொடலீங்க. பானகமே குடுங்கண்ணா."

"ஒரே ஒரு வாய்தானம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"ஒரு வாயோட அவருக்கு நிக்காதுங்க..."

பச்சமுத்து எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நாலு பேர் நடுவில் தாய்மாமன் நீட்டிய தம்ளரை மறுத்தால் பெண் வீட்டுக்கே அவமரியாதை.

"குடுங்க மச்சான்" என்று வாங்கிக் குடித்தான்.

வாசித்தான் பாருங்கள்! ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு பச்சமுத்துவையே பார்க்கிறான். எங்கள் அக்கா போய்த் தோளைத் தட்டவேண்டியிருந்தது.

"பாத்தீங்களா, உள்ள போனாத்தான் வெளிய வருது!" என்று பந்தல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் பேச்சு வீண்போகவில்லை. அப்புறம் ஒவ்வொரு தாய்மாமனும் புளி வாங்க ஒகேனக்கல் போனான். வீட்டுக்கு வீடு புளியமரம் வைத்திருக்கிறவன் ஆற்றைத் தாண்டிப் புளி வாங்குவானேன் என்று ஒரு போலீஸ்காரரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் பாட்டில். பிறகு கல்யாணம் இல்லாத நாளிலும். பாட்டில் கிடைக்காத நாளில், தச்சர்கள் பாலிஷ் போட வைத்திருக்கும் ஸ்பிரிட்டு...

நாலாவது வருஷம். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஏரியூர் பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பச்சமுத்து காலைல செத்துட்டானுங்க" என்றார்.

"எந்தப் பச்சமுத்து?" என்றேன். ஊரில் வேறு எவன் இருக்கிறான்?

டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே இருந்தேன். எதிரே ஆள் இல்லை. டிரைவர் வந்து கையைப் பிடித்தபோது ஒரு புத்தகமே காலி.

முப்பது வயசுங்க... முப்பது!

சாவு வீட்டில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே... "எங்க அக்கா மக கல்யாணத்துல வாசிச்சான் பாரும்மா, அப்படி ஒருநாளும் வாசிச்சதில்ல" என்றேன்.

நஞ்சம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது அந்த எட்டு மாசமும் வூட்டுல பழகுனதுங்கண்ணா. நான் பால் கறக்கறப்ப தெனமும் கேட்டுதுங்க. உங்க பாட்டிலு வாசிக்கலீங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது எனக்கு நாற்பத்தைந்து. யுத்த காலத்தில் திரும்பத் திறந்த சாராயக்கடைகளை மறுபடி மூடிவிட்டார்கள். போன மாசம் அக்காவின் ரெண்டாவது மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்று இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பானகம் நானே கலக்கினேன். எலுமிச்சம்பழம் பிழிந்துதான். புளியைக் கரைக்க எனக்குக் கை வருவதில்லை.

பந்தலில் கிளாரினெட் இல்லை. மைக் செட்டுக்காரர் கிராமபோன் தட்டு போட்டார். முறையை விடக்கூடாதே என்று அவரிடம் தம்ளரை நீட்டினேன்.

"எனக்கு எதுக்குங்க? பெட்டிதானே பாடுது" என்று சிரித்தார்.

தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். நஞ்சம்மா அன்றைக்குக் கேட்டது இந்தப் பானகத்தைத்தான்.