வேதசிரோமணி சாரும் வெள்ளை மேஜரும்

"நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. உள்ளங்கால்லதான் வேர்க்கும். ஏம்மா, கையை நிறுத்தாதே. அடிச்சிக்கிட்டே கேளு."

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் வேதசிரோமணி நடத்தும் தட்டச்சுப் பள்ளியில் காலை வகுப்பு இப்படித்தான் நடக்கும். பன்னிரண்டு இயந்திரங்கள், அவற்றில் மூன்று எப்போதும் தும்பைப்பூப் போட்டு மூடியது போல வெள்ளைத் துணிக்குள் ஓய்வில் இருக்கும். மற்ற ஒன்பதும் தடதடக்க, அதற்கு மேல் குரலை உயர்த்தி அவர் நாய்களின் மகத்துவத்தைச் சொல்வார். அவரிடம் படித்தவர்கள் லோயர் பரீட்சையில் தேறினார்களோ இல்லையோ, ஒரு நாயின் மூக்கு ரேகை இன்னொரு நாய்க்கு வராது என்பது அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சலவைச் சட்டை, அதன் பையில் சிவப்புப் பென்சில். மனிதர்களிடம் தமிழில் பேசுவார்; நாயிடம் ஆங்கிலம் மட்டும்தான். நல்ல ஜாதி நாய்க்குத் தமிழில் கட்டளையிடுவது அவமரியாதை என்பது அவருடைய கொள்கை.

அந்த நல்ல ஜாதி நாய் எண்பத்தெட்டில் வந்தது. பீர்க்கன்கரணையில் நாய் விற்கும் குப்புராஜ் கொண்டுவந்த ராஜபாளையம் குட்டி. "உடம்புல ஒரு புள்ளி கீதா பாரு சார்! பால் மாதிரி" என்றான். புள்ளி இல்லை. வேதசிரோமணி அதற்கு மேஜர் என்று பதவி கொடுத்தார்.

மேஜர் நாள் முழுக்க மேசைக்கு அடியில் படுத்துத் தூங்கும். தலைக்கு மேலே ஒன்பது இயந்திரங்கள் இடி இடித்தாலும் இமை அசையாது. "பார்த்தீங்களா கட்டுப்பாட்டை?" என்பார் சார். "சிட்" என்றால் உட்காராது. அது தன்மானமாம். "கம்" என்றால் வராது. அது ராஜ கம்பீரமாம்.

பள்ளியைப் பெருக்க வரும் எல்லம்மாவுக்கு இந்த நுட்பமெல்லாம் புரியவில்லை.

"சார், இதுக்குக் காது கேக்கல சார். பின்னாடி நின்னு வாளியைக் கீழ போட்டேன், டமார்னு. திரும்பிக்கூட பாக்கல."

"எல்லம்மா, அது ராஜபாளையம். கண்டவங்க போடற சத்தத்துக்கெல்லாம் திரும்பாது. நமக்குக் கேக்கறதை விட நாலு மடங்கு தூரத்துல வர்ற சத்தம் அதுக்குக் கேக்கும்."

"அப்போ கிட்டத்துல கேக்காதா சார்?"

பெண்கள் சிரிப்பை அடக்க வேகமாகத் தட்டினார்கள். சார் சிவப்புப் பென்சிலை எடுத்துத் தாள் திருத்தப் போனார்.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு யாரோ வெளிக்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேஜர் நிதானமாக வெளியே நடந்து, நடுச்சாலையில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. முடிச்சூர்ப் பக்கமிருந்து மணல் லாரி ஒன்று ஹாரனை அமுக்கியபடியே வந்தது.

"மேஜர்! கம்! கம் ஹியர்!"

உள்ளே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாய் சொறிவதை நிறுத்தவில்லை.

"டேய்! வாடா! ஐயோ, வந்துடுடா!" என்று வேதசிரோமணி தமிழில் அலறினார். எட்டு மாதத்தில் அதனிடம் அவர் பேசிய முதல் தமிழ்.

லாரி ஒரு முழத் தூரத்தில் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "யோவ், செவுட்டு நாயை வெச்சிகினு ஏன்யா எங்க உயிரை வாங்கற?" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுப் போனான். எல்லம்மா துடைப்பத்தோடு ஓடி, மேஜரைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். சார் வாசல் தூணைப் பிடித்தபடி நின்றார்.

கால்நடை மருத்துவர் நாயின் பின்னால் நின்று இரண்டு முறை கைதட்டிப் பார்த்தார். "பிறவிச் செவிடு. இந்த ஜாதியில முழு வெள்ளையாப் பொறக்கற குட்டிங்களுக்கு அடிக்கடி வர்றதுதான். நாய் புஸ்தகத்துலயே போட்டிருப்பாங்களே, படிச்சதில்லையா?"

படித்திருந்தார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தார். நாற்பதாம் பக்கத்தில், ராஜபாளையத்தின் வீரம் பற்றிய வரிகள் முழுதும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு. செவிட்டைப் பற்றியது நாற்பத்தொன்றாம் பக்கத்தில். அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது.

செய்தி பீர்க்கன்கரணைக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மாலை, கடைசி வகுப்பு முடிந்த நேரம், குப்புராஜே வந்துவிட்டான். "வுடு சார், மாத்தித் தரேன். கருப்பு ஒண்ணு கீது. ஊசி வுழுந்தா திரும்புவான்."

"இதை என்ன பண்ணுவே?"

"செவுட்டு நாயை எவன் சார் வாங்குவான்? ஏரிக்கரையில வுட்டுட வேண்டியதுதான்."

வேதசிரோமணி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"முடியாதுப்பா. எட்டு மாசமா இதுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

குப்புராஜ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்தான்.

சார் இயந்திரங்களுக்கு உறை போட்டார். ஜன்னல்களைச் சாத்தினார். மேஜர் சுவரைப் பார்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். நாற்காலிகளை நகர்த்தி வழி செய்துகொண்டு, சுவருக்கும் மேசைக்கும் இடையிலிருந்த சந்தில் பக்கவாட்டில் நுழைந்தார். சலவைச் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. நாயின் முகத்துக்கு எதிரே குந்தி, தொடாமல், கையை மட்டும் அதன் மூக்கருகே நீட்டி, அது கண் திறக்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.