பட்டன் டயரும் வெள்ளைச் சேறும்

வண்டி சரியாக நின்றால் பிரேக்குக்குப் பேர், வழுக்கி விழுந்தால் டயருக்குப் பேர். டயர் விற்கிற நம் தொழிலின் தலையெழுத்து அது. அரியலூர் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிற எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பட்டன்தான் வேணும்

செந்தில் எங்கள் பக்கத்து மாட்டு டாக்டர். காடு மேடெல்லாம் ஓட்டுகிற பழைய எண்டூரோ பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர்தான் வேண்டுமாம். "பாதி நேரம் தார் ரோட்டுல போறீங்க டாக்டரே, ஈரத் தார்ல பட்டன் பிடிக்காது, மண்ணு தாரு ரெண்டுக்கும் ஆன டயரா போடுங்க" என்று தொண்டை வறளச் சொன்னேன். கேட்டால்தானே!

"மழையில ஒரு தடவை கரிசக்காட்டுல மாட்டிப் பாருங்கண்ணே, அப்புறம் தார் ரோட்டப் பத்திப் பேசுங்க."

தூறல்

பெருமழை பெய்தால் ரோடு கழுவிவிடும். தூறல்தான் எமன். லாரிகள் சிந்திய சுண்ணாம்புக்கல் தூசி நனைந்து, தாரின்மேல் வெள்ளையாக மாவு கரைத்து ஊற்றியதுபோல் கிடக்கும். கீழப்பழுவூர் தாண்டி ஒரு வளைவில் அந்தச் சேற்றில் டாக்டர் வண்டி படுத்துவிட்டது. பின் சீட்டில் அவர் மனைவி கவிதா. பின்னால் வந்த லாரிக்காரர் புண்ணியவான், பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். கவிதாவுக்குக் கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள்.

பத்து நாள் கழித்து டாக்டர் வந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"விழும்போதுகூட அவ என் சட்டையைத்தான் புடிச்சிருந்தாண்ணே."

வழவழ டயர்

அன்றைக்கே பட்டனைக் கழற்றச் சொன்னார். பதிலுக்குக் கேட்டது தார் ரோட்டுக்கு மட்டுமே ஆன டயர். சூடு கண்ட பூனை! சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மழையில் ஒரு சோளக்காட்டுக்குள் மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. வண்டி பாதியிலேயே புதைந்துவிட, டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து போயிருக்கிறார். மாடு பிழைத்தது, கன்று இல்லை. மாட்டுக்காரம்மா சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

"சித்த முன்னாடி வந்திருந்தா ரெண்டு உசுரும் நின்னிருக்குமே டாக்டரு."

கவிதாவின் நிபந்தனை

மூன்றாவது தடவை டாக்டரோடு கவிதாவும் வந்தார், லேசாக நொண்டிக்கொண்டு. விபத்துக்குப் பிறகு அவர் எந்த டூவீலரிலும் ஏறவில்லை. மண்ணுக்கும் தாருக்குமான டயரை எடுத்து வைத்தேன். கவிதா அதன் பள்ளங்களில் விரல் விட்டுப் பார்த்தார். "இது வழுக்கவே வழுக்காதா?" என்றார். பொய் சொல்ல மனசு வரவில்லை. "தூறல்ல எதுவும் வழுக்கும்மா. இது கொஞ்சம் கம்மியா வழுக்கும். சேத்துலயும் ஓரளவு ஏறும்" என்றேன். "அப்ப இதையே போடுங்க" என்றார்.

மாட்டி முடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டாக்டர் தனியாக நசுக்கிவிட்டு வரலாம் என்று கிளம்பினார். "நில்லுங்க" என்றார் கவிதா. சீட் உயரம், கால் எட்டவில்லை. இரண்டு பழைய டயரை அடுக்கிக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்து டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் போங்க. டயருதான் புதுசு, காலு பழசு."

எல்லா மண்ணுக்கும் ஆகிற டயரை இன்னும் எவனும் செய்யவில்லை. அதைக் கேட்டு வருகிறவர்களால்தான் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது.