பத்தரை மணிக் கூட்டம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சௌந்தரத்துக்குத் தோல் பார்க்கும் வேலை. மேசையில் விரிக்கிற தோலில் உண்ணி கடித்த தழும்போ கத்தி பட்ட கீறலோ இருந்தால், வெள்ளிப் பேனாவால் சுற்றி வட்டம் போட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள், பதினேழு வருஷமாக அந்த மேசைதான். அதிகம் பேசமாட்டாள். "இவளுக்கு வாய்க்கும் சேத்து கண்ணக் குடுத்துட்டான்டி ஆண்டவன்" என்பார்கள் கூட வேலை செய்கிற பெண்கள்.

புருஷன் கோபி செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே எத்தனை குவார்ட்டர் என்று சொல்லிவிடுவாள்.

கோபியின் அண்ணன் சாமிநாதனும் ஒரு காலத்தில் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியார் அமிர்தவள்ளி அவரை அம்மன் கோவிலுக்கு இழுத்துப்போய், இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டினாள். அதோடு விட்டுவிட்டார். தெருவெல்லாம் அந்தக் கயிற்றின் பேச்சுதான். சௌந்தரமும் கோபியை அங்கே மூன்று முறை கூட்டிப்போனாள். மூன்று முறையும் பத்து நாள்தான் தாங்கியது.

"கயித்து மேல தப்பில்ல. தோலத் தொட்ட கையோட போய் நின்னா அம்மன் எப்படிக் கேக்கும்?" என்றாள் மாமியார்.

பெரிய மகன் சாமிநாதனும் தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலைத் தொட்டியில் ஊறப்போடுகிறவர். அவர் கை மட்டும் இன்னா சந்தனமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டு, மஞ்சள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, நான்காவது தடவையும் கோபியைக் கூட்டிப்போனாள். ஆறாம் நாள் அந்தச் சத்தியமும் போனது.

போன மாதம் கோபி ரத்த வாந்தி எடுத்தான். இன்னொரு தடவை இப்படி வந்தால் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் ஒரு சீட்டு கொடுத்தாள். குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம், ஞாயிறு பத்தரை மணி, சர்ச்சுக்குப் பின்னால். எந்த சர்ச் என்று இல்லை. கூச்சத்தில் சௌந்தரமும் கேட்காமல் வந்துவிட்டாள்.

"ஒரே ஒரு தடவதான். பேஜார் பண்ணக்கூடாது" என்று சொல்லித்தான் கோபி கிளம்பினான்.

முதல் சர்ச்சில், "இங்க கூட்டம்..." என்று இழுத்தாள். "ஜெபக் கூட்டமா? சாயங்காலம்மா" என்றார் வாட்ச்மேன். இரண்டாவது சர்ச்சில் மகளிர் குழு என்று நினைத்து அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். குடி என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. கோபி நடையை நிறுத்தினான்.

"பன்னண்டு மணிக்குத்தான் கட தொறப்பான்னு நெனைக்காத. இப்பவே எங்க கெடைக்கும்னு எனக்குத் தெரியும். இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் போய்ட்டே இருப்பேன்."

மூன்றாவது சர்ச் எதிரே டீக்கடையில் சௌந்தரம் கத்தியே விட்டாள். "அண்ணா, குடிகாரங்க கூட்டம் எங்க நடக்குது?"

எல்லாத் தலையும் திரும்பியது. டீக்கடைக்காரர் மட்டும் நிதானமாக, "பின்னால ஷீட்டு போட்ட ரூம்பு. இப்ப அவங்க குடிக்கறதில்லம்மா" என்றார்.

கோபியை சர்ச் கேட்டருகே நிறுத்திவிட்டு ஓடினாள். அறைக்குள் ஒருவர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். சாமிநாதன். மணிக்கட்டில் மாமியார் மாற்றிக் கட்டிய புதுக் கயிறு.

"நீ எப்படிம்மா இங்க..."

"நீங்க இன்னா மாமா பண்றீங்க இங்க?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கயிறு கட்டின மறுவாரமே குடிச்சிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. அப்புறம் இங்க வந்துதான் நின்னுச்சி. யாரு வர்றாங்கன்னு வெளிய சொல்லக்கூடாதும்மா. இங்க அதுதான் முறை."

"மத்தவங்க பேரச் சொல்லாதீங்க. உங்க பேர யாரு சொல்லவேணாம்னாங்க? நான் மஞ்சளப் போட்டுக் கையத் தேய்ச்சப்ப எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சீங்களே!"

"அம்மா ஊரெல்லாம் சொல்லிடிச்சி. பொய்யாக்க மனசு வரல."

"உங்கம்மா பெருமைக்கு என் புருஷன் சாவணுமா?"

சத்தம் கேட்டு கோபி வந்து நின்றான். அண்ணனையும் நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தான். சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"மன உறுதி வேணும்டான்னு எனக்குப் புத்தி சொன்னியேண்ணா. இதான் உன் உறுதியா?"

கோபி வாசல் பக்கம் திரும்பினான்.

"டேய், இன்னைக்குக் கூட்டத்துல நான்தான் பேசணும். கேட்டுட்டுத் திட்டு" என்றார் சாமிநாதன்.

"இன்னா கத விடறன்னு கேக்கறேன்." வாசலோரத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக் கோபி உட்கார்ந்தான். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

சாமிநாதன் அவள் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட மட்டும்..."

"இன்னைக்கு சாயங்காலம் வந்து நீங்களே சொல்லணும். ஆறு மணிவரைக்கும் பாப்பேன். வரலன்னா நான் தெருவுல நின்னு சொல்லுவேன்."

பதிலுக்குக் காத்திராமல் வெளியே வந்தாள். கோபம் இறங்கவில்லை. உள்ளே சாமிநாதன் தன் பேரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். கதவிடுக்கில் கோபியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்து வந்தால் தன்னைத் தாண்டித்தான் போக முடியும் என்கிற மாதிரி, படியின் நடுவில் நின்றுகொண்டாள்.