முப்பது மீட்டர் குறைஞ்ச ரவுண்டு

எங்க யூனிவர்சிட்டியைப் பத்தி யாராச்சும் பெருமையாப் பேசினா எனக்கு இன்னிக்கும் பத்திக்கினு வருது. பெருமைப்பட விஷயம் இல்லாம இல்ல. திருப்பதியில அந்தப் பெரிய கேட்டுல நுழைஞ்சா லேடீஸ் ஹாஸ்டலுக்கு நடந்து சேரவே அரை மணி நேரம் ஆவும். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் தனிக் கட்டடம், மரத்துக்கு மரம் குரங்கு, பின்னாடி மலை. பிசிகல் டைரக்டர் ரூம்ல கண்ணாடி பீரோ நிறைய கப்பு: கபடிக்கு, கோகோவுக்கு, வாலிபாலுக்கு. அட்மிஷன் புஸ்தகத்துல கிரவுண்டு போட்டோ போட்டு, கீழ 'நானூறு மீட்டர் டிராக்'னு கொட்டை எழுத்துல எழுதியிருப்பாங்க. அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் நாசமாப் போனேன்.

நான் சித்தூர் பக்கத்துப் பொண்ணு. நைனா சர்வே ஆபீஸ்ல செயின்மேன். சர்வேயர் நிலம் அளக்கப் போனா கூடவே டேப்பு இழுத்துக்கினு வெயில்ல நடக்குற வேலை. நான் அங்க எம்.ஏ. சேர்ந்து ஐயாயிரம் மீட்டர் ஓடினேன். பன்னெண்டரை ரவுண்டு. யூனிவர்சிட்டிங்களுக்குள்ள நடக்குற போட்டியில முதல் எட்டு பேர்ல வந்தா ஒரு சர்டிபிகேட் தருவாங்க. அது இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு அப்ளிகேஷன் போடலாம். எம்.ஏ. முடிச்சுட்டு வீட்டுல சும்மா உக்காந்திருக்கறவங்க எங்க தெருவுலயே நாலு பேர் இருந்தாங்க. அஞ்சாவது ஆளா நான் உக்காரக் கூடாதுன்னா அந்தக் காகிதம் எனக்கு வேணும்.

கோச்சை எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடுவோம். காலையில அஞ்சரைக்கு ஹாஸ்டல் கேட்டு திறந்ததும் கிரவுண்டுக்குப் போனா, அவரு ஸ்டாப்வாட்சோட நிப்பாரு. ஒரு ரவுண்டுக்கு எண்பத்தெட்டு செகண்டு. அதுதான் என் கணக்கு. மாசக்கணக்கா ஓடி ஓடி அந்த எண்பத்தெட்டு என் காலுக்கே தெரிஞ்சுபோச்சு. "இந்த டைமிங்குக்கு டாப் எய்ட் கேரண்டிம்மா"ன்னாரு மாஸ்டர். எங்கம்மா அதைக் கேட்டுக்கினு நேரா சர்ச்சுல போய்ச் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை பாஸ்டர் என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாரு.

போட்டி வேற ஊர்ல. முதல் ரவுண்டு முடிச்சுக் கோட்டைத் தாண்டுறேன், ஓரத்துல நின்னுக்கினு இருந்த மாஸ்டர் "நைன்ட்டி ஃபைவ்"னு கத்துறாரு. தொண்ணூத்தஞ்சா? பயத்துல மெதுவா ஓடுறேன்னு நினைச்சு எட்டிப் போட்டேன். அடுத்த ரவுண்டு எண்பத்தெட்டு. அப்படியே புடிச்சுக்கினு போனேன். ஆறாவது ரவுண்டுல மூச்சு எகிறிச்சு. எட்டாவதுல கால் என் பேச்சைக் கேக்கல. ஒம்பதாவதுல டிராக்கை விட்டு இறங்கிப் புல்லுல உக்காந்துட்டேன். முதல் எட்டு எங்க, ரேஸையே முடிக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஒவ்வொருத்தரும் "எத்தனாவதா வந்தே?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லி மாளல.

லீவுக்கு என்னைக் கூட்டிக்கினு போக நைனா ஹாஸ்டலுக்கு வந்தாரு. பஸ்ஸுக்கு நேரம் இருந்துது, கிரவுண்டைக் காட்டினேன். அந்த ஆளுக்கு எங்க போனாலும் அடி எண்ணி நடக்குற புத்தி. ஒரு சுத்து சுத்தி வந்து, "இது நானூறு இல்லியே கண்ணு"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுது. லீவு முடிஞ்சு திரும்பி வரும்போது நைனாவை டேப்பு எடுத்துக்கினு கூட வரச் சொன்னேன். உள்கோட்டுல இருந்து ஒரு அடி தள்ளி ரெண்டு பேரும் குனிஞ்சு குனிஞ்சு அளந்தோம். முந்நூத்தி எழுபது. பிரம்மோற்சவத்துக்கு வர்ற பஸ்ஸுங்க நிக்க இடம் வேணும்னு பின்பக்கச் சுவரை உள்ள தள்ளிக் கட்டியிருக்காங்க. வளைவு வெட்டுப்பட்டுப் போச்சு. சுண்ணாம்புக் கோட்டையும் உள்ள தள்ளிப் போட்டுட்டாங்க. அந்த டிராக்குல ஐயாயிரம் மீட்டர்னா பதிமூணரை ரவுண்டு ஓடணும். ஒரு முழு ரவுண்டை என்கிட்ட இருந்து புடுங்கிட்டு, பாஸ்னு சொல்லி அனுப்பி வெச்சிருக்காங்க.

மாஸ்டர் கேன்டீன்ல டீ குடிச்சுக்கினு இருந்தாரு. நைனாவோட போய்ச் சொன்னேன். அவரு கிளாஸைக்கூடக் கீழ வைக்கல. "தெலுசம்மா. எல்லாருக்கும் தெரியும். நெஜ டைமிங் எழுதினா ஆபீஸ்ல ஒருத்தரையும் அனுப்ப மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

தெரியுமாம். அங்க நின்னுக்கினு தொண்ணூத்தஞ்சுன்னு கத்தினாரே, அப்பவும் தெரியும். அதுதான் சரியான வேகம், அப்படியே ஓடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ரேஸையாவது முடிச்சிருப்பேன். நான் எகிறினேன். நைனா என் கையைப் புடிச்சு இழுத்தாரு. "விடு, சாரைப் பகைச்சுக்காதே." ஊரான் நிலத்துல ஒரு அடி குறைஞ்சாலும் அளந்து சொல்ற மனுஷன், பெத்த பொண்ணுக்கு முப்பது மீட்டர் குறைஞ்சதுக்கு வாயைத் திறக்கல. சித்தூர்ல இருந்து டேப்பு தூக்கிக்கினு வந்த மனுஷனை ஒரு டீகூடக் குடிக்க விடாம பஸ் ஏத்தி அனுப்பினேன்.

அடுத்த வருஷம் செலக்‌ஷன். முதல் ரெண்டு பேர் போவாங்க. நான் முதல்ல வந்தேன். விஜயபுரம் பக்கத்துப் பொண்ணு, என் கிளாஸ்மேட், ரெண்டாவதா வந்தா. போன வருஷம் மூணாவதா வந்து கோட்டை விட்டவ. பன்னெண்டரை முடிஞ்சதும் மாஸ்டர் விசில் ஊதினாரு. நான் நிக்கல. இன்னொரு ரவுண்டு ஓடினேன். "ஆயிப்போயிந்தம்மா, ஆகு"ன்னு நிக்கச் சொல்லிக் கத்தினாரு. புல்லுல உக்காந்திருந்ததுங்க சிரிச்சுதுங்க. முடிச்சு வந்து என் வாட்சைப் பாத்தேன். அவரு ஷீட்டுல பதினெட்டு நிமிஷம் பன்னெண்டு செகண்டுன்னு எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாரு. நான் அதை அடிச்சுட்டு, பத்தொம்பது நாப்பதுன்னு எழுதி, டிராக்கு முந்நூத்தி எழுபது மீட்டர்னும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். அன்னிக்குத்தான் நெஞ்சு ஆறிச்சு.

ஷீட்டு ஆபீசுக்குப் போச்சு. எழுத்துல வந்துட்டதால யாராலயும் மறைக்க முடியல. அந்த வருஷம் ஐயாயிரம் மீட்டருக்கு எங்க யூனிவர்சிட்டியில இருந்து யாரையும் அனுப்பல.

ராத்திரி சாப்பாட்டுக்கு மெஸ்ல வரிசையில நிக்கிறேன், அந்த விஜயபுரத்துப் பொண்ணு தட்டோட வந்து எனக்கு முன்னாடி நின்னா. சத்தம் போடல. "உனக்கு முன்னாடியே தெரியும் இல்ல? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நீ ஒரு தடவை போய்த் தோத்துட்டு வந்தே. எனக்கு அதுகூட இல்லாமப் பண்ணிட்டே"ன்னா. சோறு வாங்காமலே போயிட்டா. எங்க ரெண்டு பேருக்கும் அது கடைசி வருஷம்.

இப்ப நான் சித்தூர்ல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டிரில் டீச்சர். வேலையா திருப்பதி போனா அந்தக் கிரவுண்டை எட்டிப் பாத்துட்டு வருவேன். சுவரு அங்கயேதான் இருக்கு, சுண்ணாம்புக் கோடும் அங்கயேதான் இருக்கு. புஸ்தகத்துல இன்னும் நானூறுதான். மாஸ்டரைத் திட்டுவேன், ஆபீஸைத் திட்டுவேன், வீட்டுக்கு வந்து நைனாவையும் ஒரு பாட்டம் திட்டுவேன். தட்டோட நின்ன அந்தப் பொண்ணு கேட்டது ஞாபகம் வந்தா மட்டும், திட்டுறதுக்கு என்னைத் தவிர வேற ஆள் கிடைக்கல.