ஈரமாகவே இருக்கட்டும்

சர்க்கரைக்காரிக்குக் காலில் புண் வந்தால் ஊரே டாக்டராகிவிடும். என் வலது கட்டைவிரலின் அடியில் புண் வந்தபோது மாரண்டஹள்ளியில் எனக்கு யோசனை சொல்லாத வாயே இல்லை. தருமபுரி டாக்டர் மட்டும் சுருக்கமாகச் சொன்னார்: “இன்னும் ஆழமாப் போனா விரலை எடுக்க வேண்டி வருங்க.” நான் தக்காளி மண்டியில் நாள் முழுக்க நின்று பிழைப்பவள். அந்த விரல் எனக்கு வேண்டும்.

அவரே என்னை ஓர் ஆராய்ச்சிக் குழுவிடம் அனுப்பினார். புண்ணைக் கழுவி, நுங்கு மாதிரி வழவழப்பான ஜெல் ஒன்றை ஒட்டினார்கள். அது புண்ணை ஈரமாக வைத்திருக்குமாம்; உப்புச் சேர்ந்திருப்பதால் மின்சாரமும் கடத்துமாம். புண்ணில் சூடோ நீரோ கூடினால், ஓரத்திலிருக்கும் சட்டைப் பொத்தான் அளவுக் கருவி போனுக்குச் சொல்லிவிடும். ஜெல் காய்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது என்று ஒட்டிவிட்ட பெண் எச்சரித்தாள்.

எங்கள் பக்கத்தில் புண் என்றால் காய வேண்டும். ஈரம் என்றாலே பயம். பார்க்க வந்த நாத்தனார், நான் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் ஜெல்லை உரித்து, துடைத்து, மஞ்சள்தூளை அப்பி, பாதத்தை வெயில் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். உணர்ச்சி செத்த பாதம். எனக்குத் தெரியவே இல்லை. ஜெல் ஒட்டிவிட்ட பெண்தான் போன் செய்து எழுப்பினாள்: “அக்கா, சிக்னலே வரலீங்க. என்ன ஆச்சு?”

“சீழாட்டம் ஊறிக் கெடந்துதுங்க அண்ணி. அதான் தொடச்சி வுட்டேன்” என்றாள் நாத்தனார், புண்ணியம் செய்தவள் முகத்தோடு. எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

வீட்டுக்காரரும் அவள் பக்கம்தான். “ஈரத்துல எங்கயாச்சும் புண்ணு ஆறுமா? பேசாம காய வுடு.”

“வெட்டுனா போறது யாரு வெரலுங்க? இனிமே இந்தக் காலை எவராச்சும் தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி.”

மறுநாள் தனியாகவே பஸ் ஏறினேன். மஞ்சளைக் கழுவி, புது ஜெல் ஒட்டினார்கள். புண் சூடாகியிருப்பதாகப் போன் சொல்ல, டாக்டர் மருந்தை மாற்றினார். அதற்குப் பிறகு மதியத்தில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். வீட்டில் முகம் தூக்கினார்கள். தூக்கட்டும் என்று விட்டேன்.

மெல்ல மெல்லப் புண் மூடியது. தான் வைத்த மஞ்சள்தான் ஆற்றியது என்று நாத்தனார் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெருமையை அவளே வைத்துக்கொள்ளட்டும். விரல் என்னிடம் இருக்கிறது.